இறுகிய கிளச் மிதியும் அதன் நூறாண்டு வரலாறும்

பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எம்மவர் பலரிடம் இன்று கார் உண்டு. பெரும்பாலும் அது பழைய கார். வேறொருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியபின் கைமாறி வந்தது. விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோருக்கும், முதியோரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வோருக்கும் அது ஆடம்பரப் பொருளன்று. அந்தக் காரின் இடப்பக்க மிதி மாதத்துக்கு மாதம் இறுகி வருமாயின், அதனைப் பொருட்படுத்தாது விடுவதே எமது வழக்கம். கால் பழகிக்கொள்ளும். நடுவீதியில் கேபிள் அறுந்து கார் நின்றுவிடும்போதோ, கியர்ப்பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டுமெனத் திருத்தகத்திற் கூறப்படும்போதோதான் மனம் திடுக்கிடுகிறது. முதலாவது ஆபத்து, இரண்டாவது ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே புரட்டிப்போடக்கூடியது. மிதி ஏன் இறுகுகிறது என்பதை அறிந்தவர் இவ்விரண்டையும் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம். அதனை அறிவதற்கு நேரான வழி, அம்மிதி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை அறிவதேயாகும்.

கால்சாவின் ஒழுங்கைகள் காருக்காக அமைக்கப்பட்டவையல்ல. சிசிலித் தீவை அராபியர் ஆண்ட காலத்தில், 937ஆம் ஆண்டளவில், ஆளுநரின் மாளிகையையும் அலுவலகங்களையும் உள்ளடக்கி மதில் சூழ எழுப்பப்பட்ட அல்-காலிசா என்னும் கோட்டை நகரே பின்னர் கால்சா ஆயிற்று. வியா அல்லோரோ போன்ற வீதிகளிற் காரோட்டுபவர், சில நூறு மீற்றர் தூரத்தைக் கடப்பதற்குள் எத்தனை தடவை கிளச்சை மிதித்து விடுகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்படைவார். நெடுஞ்சாலையில் ஒரு நாள் முழுவதும் ஓடும் கார் மிதிக்கும் அளவை இங்கு அரை மணியிலேயே எட்டிவிடலாம். ஆகவே இந்நகரில் முதலில் களைப்படையும் உறுப்பு கிளச் ஆகும். அடுத்தது ஓட்டுநரின் இடது முழங்கால்.

இயந்திரம் ஓயாது சுழல வேண்டும். சக்கரமோ நின்று நின்று செல்ல வேண்டும். இவ்விரண்டையும் வேண்டும்போது பிரித்து, வேண்டும்போது மெல்லப் பொருத்துவதே கிளச்சின் பணி. எமது ஊர் அரிசி ஆலைகளைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. கூரையின் கீழ் நீண்ட தண்டொன்று சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து தோல் வார் இறங்கி வரும். ஆலையை நிறுத்த வேண்டுமாயின், ஒருவர் கட்டையால் அந்த வாரைப் பக்கத்திலுள்ள வெறுஞ் சக்கரத்துக்குத் தள்ளிவிடுவார். வார் சுழலும், ஆலை நிற்கும். 1886ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதலாவது மோட்டார் வண்டியிலும் ஏறக்குறைய இந்த ஏற்பாடே இருந்தது. ஆலையின் வாரை வண்டிக்கு இறக்கியதுதான் கிளச்சின் பிறப்பு எனலாம்.

வார் நழுவியது, மழையில் நனைந்தால் மேலும் நழுவியது. எனவே அடுத்த தலைமுறைக் கார்களிற் கூம்பு வடிவக் கிளச் வந்தது. இயந்திரத்தின் சுழற்சில்லிற் குழிவான கூம்பு ஒன்று. அதனுள் இறுகப் பொருந்தும் மற்றொரு கூம்பு. உட்கூம்பின் மேல் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வலிமை மிக்க வில் ஒன்று இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கும். அந்த வில்லை எதிர்த்துக் கூம்பைப் பின்னுக்கிழுப்பதே ஓட்டுநரின் காலுக்குரிய வேலை.

இவ்வகைக் கார்கள் சிசிலியின் மலைகளிற் பட்ட பாட்டுக்கு வரலாறு உண்டு. பலெர்மோவில் 1883இற் பிறந்த வின்சென்சோ புளோரியோ என்னும் செல்வந்தர் தொடக்கிவைத்த தார்கா புளோரியோ என்ற கார்ப் பந்தயம், 1906ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி மடோனியே மலைகளில் முதன்முதலாக நடைபெற்றது. ஒரு சுற்று ஏறக்குறைய 148 கிலோமீற்றர்; அவ்வாறு மூன்று சுற்று. பங்கேற்றவை பத்துக் கார்கள். இற்றாலா என்னும் காரைச் செலுத்திய அலெசாந்திரோ காக்ஞோ ஒன்பதரை மணி நேரத்திற் பந்தயத்தை முடித்து வென்றார். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டிய மலைப்பாதையில் ஒன்பதரை மணி நேரம் என்றால், அந்த இடது கால் பட்ட துன்பத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அப்பந்தயம் 1977 வரை நடந்தது.

தோற் கிளச்சுக்கும் நோய் இருந்தது. அதற்கு மருந்தும் இருந்தது. தோல் காய்ந்து விறைத்தால் கார் துள்ளிப் பாயும். அப்போது சாரதிகள் அதற்கு ஆமணக்கெண்ணெய் பூசி மென்மையாக்கினர். எண்ணெய் மிகுந்து நழுவத் தொடங்கினால், எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் தூளைத் தூவினர். எமது பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த அதே எண்ணெய் ஐரோப்பியப் பிரபுக்களின் கார்களுக்கும் பயன்பட்டது என்பதை இங்கு குறித்துவைத்தல் தகும்.

தோல் சூட்டைத் தாங்கவில்லை. இங்கிலாந்தில் ஹெர்பேர்ட் புரூட் என்பவர் 1897இல் நிறுவிய பெரோடோ நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளின் தடைகளுக்கு உராய்வுப் பட்டைகள் செய்தது. பின்னர் அஸ்பெஸ்ரஸ் கலந்த பட்டைகளுக்கு மாறியது. சூட்டுக்கு அஞ்சாத இப்பொருள் கிடைத்ததும் கூம்பு மறைந்தது. 1920களில் ஒரேயொரு உலர்ந்த தட்டை நடுவில் வைத்து இருபுறமும் அழுத்தும் முறை பரவலாயிற்று. தட்டை அழுத்துவதற்குச் சிறிய சுருள் வில்கள் வட்டமாக நிறுத்தப்பட்டன. நாம் இன்று கிளச் பிளேற் என்றும் பிரசர் பிளேற் என்றும் அழைப்பவை இவ்வாறு வந்தவை.

யாழ்ப்பாணத்து வீதிகளிற் பல பத்தாண்டுகள் ஓடிய மொறிஸ் மைனர் இந்த மரபிலேயே வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அக்கார் 1948இல் வெளியாயிற்று. அதில் மிதிக்கும் கிளச்சுக்கும் இடையே கேபிளும் இல்லை, ஒயிலும் இல்லை. இரும்புத் தண்டுகளும் நெம்புகளுமே இருந்தன. மிதி தரையைத் துளைத்துக் கீழிறங்கும். அதன் அச்சு காரின் அடிப்பாகத்திற் சேறும் மழைநீரும் படும் இடத்தில் இருந்தது. அதற்குக் கிறீஸ் ஊட்டாவிட்டால் மிதி இறுகும். கிளச்சைத் தள்ளும் பெயாரிங்கும் குண்டுகள் உள்ளதன்று. கரிக் கட்டியாலான வளையம். காலை எப்போதும் மிதியின் மேல் வைத்திருப்பவரின் காரில் அக்கரி விரைவிலே தேய்ந்துபோகும். 'மிதியிற் காலை ஆற்றாதே' என்று எமது கராஜ் பாஸ்மார் பையன்களை அதட்டியதற்குக் காரணம் இதுவே. பாஸ் என்னும் இச்சொல்லும் ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்றது. அவர்களின் மொழியில் அது தொழில் தலைவனைக் குறிக்கும்.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. போத்தலில் அளந்து விற்கப்பட்ட பெற்றோலிற் சில துளிகளை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டிய காலம் அது. அமுக்கம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. புதிய யப்பானியக் கார்கள் பல கொட்டகைகளில் நின்றன. மண்ணெண்ணெயில் வலு குறைவு. ஏற்றத்திலும் பாரத்திலும் இயந்திரம் நின்றுவிடாதிருக்க ஓட்டுநர் கிளச்சை அரைவாசி மிதித்தபடியே ஓட்டினர். தட்டுகள் தேய்ந்தன. புதிய தட்டுக்கு வழியில்லை. பழைய தட்டின் பட்டையைக் கழற்றி, கிடைத்த பட்டையை வெட்டி வைத்து, றிவெற் அடித்துப் பொருத்தினார்கள். கைவிளக்கொளியில் நடந்த இவ்வேலைகளைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை. எழுதப்பட வேண்டிய தொழில்நுட்ப வரலாறு அது என்பது என் கருத்து.

அந்தத் தலைமுறையினர் எம்மோடு கொண்டுவந்த பட்டறிவு ஒன்றுண்டு: 'தட்டுத் தேய்ந்தால் நழுவும், மிதி இறுகினால் எங்கோ கிறீஸ் இல்லை.' சுருள் வில் உள்ள கார்களுக்கு இது முற்றிலும் பொருந்தும். அங்கு தட்டுத் தேயத் தேய வில்கள் நீளும். நீண்ட வில்லின் அழுத்தம் குறையும். மிதி இறுகாது, இலகுவாகும். இத்தாலியில் நாம் ஓட்டும் கார்களுக்கோ இவ்வறிவு பாதியளவே பொருந்துகிறது. இடையில் வில் மாறிவிட்டதே அதற்குக் காரணம்.

1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், வட்டமாக நின்ற சுருள் வில்களுக்குப் பதிலாக ஒரேயொரு உருக்குத் தகட்டு வில்லை உருவாக்கியது. ஆழமற்ற கிண்ணம் போன்றது. நடுவிலிருந்து விரல்கள் போலப் பிளவுபட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் அது கார்களுக்கு வந்தது. போருக்குப் பின்னர் ஐரோப்பியத் திருத்துநர் பலர் இதனை முதலிற் கண்டது அமெரிக்க இராணுவத்தின் ஜீ.எம்.சி. லொறிகளில் என்பர். 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஐரோப்பியச் சிறு கார்களிலும் இதுவே வழமையாயிற்று.

இத்தகட்டு வில்லின் இயல்பு வேறு. ஒரு தகரக் கிண்ணத்தின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். முதலில் எதிர்க்கும், ஓரளவு உள்ளே சென்றதும் எதிர்ப்பு திடீரெனக் குறைந்து 'டக்' என்று உள்வாங்கும். புதிய தட்டுள்ள கிளச்சில், வில் இவ்வாறு உள்வாங்கி எதிர்ப்புக் குறைந்த நிலையிலே பொருத்தப்பட்டிருக்கிறது. தட்டுத் தேயும்போது வில்லின் வெளிவிளிம்பு சுழற்சில்லை நோக்கி நகரும். விரல்கள் மறுபுறமாக நிமிரும். வில், எதிர்ப்புக் கூடிய தன் பழைய நிலைக்குத் திரும்பும். அப்பொழுது அழுத்தம் குறையாது, கூடும். மிதி இறுகும். தேய்வு மேலும் மிகுந்தால் மட்டுமே அழுத்தம் தளர்ந்து கிளச் நழுவத் தொடங்கும். அதாவது இக்கார்களிற் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல இறுகி வரும் மிதி, தட்டு முடிவுக்கு வருகிறது என்பதற்கான முன்னறிவித்தலாக இருக்கலாம். மெல்ல நிகழ்வதால் அன்றாடம் ஓட்டுபவர் உணரமாட்டார். இரவல் வாங்கி ஓட்டுபவரே 'இதென்ன இவ்வளவு கனம்' என்பார். அவருடைய சொல்லை அலட்சியம் செய்யலாகாது. 1990களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் லூக் நிறுவனம் தேய்வுக்கேற்பத் தன்னைத் தானே சரிசெய்யும் கிளச்சைக் கொண்டுவந்தது இந்தக் குறையை நீக்குவதற்காகவே. பழைய சிறு கார்களில் அது இல்லை.

இனிக் கேபிளுக்கு வருவோம். தான்தே ஜியாகோசா வடிவமைத்து 1957இல் வெளிவந்த பியற் 500 காரில் இயந்திரம் பின்புறம் இருந்தது, மிதியோ முன்புறம். இரும்புத் தண்டுகளால் அத்தூரத்தை இணைத்தல் செலவும் பாரமும் மிக்கது. உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி ஒன்று, காரின் நடுவிலுள்ள குழாய் போன்ற மேட்டினூடே முன்னிருந்து பின்வரை சென்று அவ்வேலையைச் செய்தது. துவிச்சக்கர வண்டியின் தடைக் கம்பி போன்றதே இதுவும். பலாரோ, வுச்சிரியா சந்தைகளில் மரக்கறி ஏற்றி வரும் 'லாப்பா' முச்சக்கர வண்டியிலும் இவ்வகைக் கம்பியே. அங்கு கிளச் இடது கையில் இருக்கிறது. காரில் மட்டும் அது இடது காலைவிட்டு அகலவில்லை. இலங்கையிலிருந்து இங்கு வந்தபோது ஸ்ரியறிங் பக்கம் மாறியது, கியர் வலது கைக்கு மாறியது, கிளச் மாறவில்லை.

பலெர்மோவுக்குக் கிழக்கே, தார்கா புளோரியோப் பந்தயம் ஓடிய கடற்கரைச் சமவெளிக்கு அண்மையில், தெர்மினி இமெரேசே என்னுமிடத்தில் பியற் தொழிற்சாலை 1970இல் திறக்கப்பட்டது. பழைய பியற் 500 வகையின் கடைசிக் கார் 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இத்தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. ஜோர்ஜெத்தோ ஜுஜியாரோ வரைந்து 1980இல் வெளியான பியற் பண்டாவும் இங்கு செய்யப்பட்டது. இயந்திரம் முன்னுக்கு வந்துவிட்ட போதிலும் பண்டாவிற் கேபிள் நீடித்தது. மலிவும் இலகுவுமே காரணம். தொழிற்சாலை 2011இன் இறுதியில் மூடப்பட்டது. கடைசியாக அங்கு செய்யப்பட்டது லான்சியா இப்சிலோன். கேபிள் இழுக்கும் கார்கள் பல இன்னும் இவ்வீதிகளில் ஓடுகின்றன.

கேபிள் இறுகும் விதம் தனியானது. உறையினுள் ஈரமும் கடற்காற்றின் உப்பும் புகுந்து துரு ஏறும். உறையின் உட்பூச்சுத் தேயும். கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, அறுந்த நுனிகள் உறையைச் சுரண்டும். இத்தகைய மிதி சீராக இறுகியிராது. கரகரக்கும், இடையிற் பிடித்துப் பின் விடும், சில வேளை முழுமையாக மேலெழாது. குறுகிய காலத்தில், சில வாரங்களிலே இறுகியிருந்தால் கேபிளையே முதலில் ஐயுறவேண்டும். தட்டின் தேய்வு அவ்வளவு விரைவாக வருவதில்லை.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, சமதரையிற் கைத்தடையை இழுத்துவிட்டு, கேபிளின் மறுமுனையைக் கியர்ப்பெட்டியருகே உள்ள நெம்பிலிருந்து கழற்றச் செய்யுங்கள். பின்னர் மிதியைக் கையால் அழுத்துங்கள். அப்போதும் இறுக்கமாயின், குற்றம் மேலே: கேபிளில் அல்லது மிதியின் அச்சில். காற்றைப் போல இலகுவாக இறங்குமாயின், குற்றம் கீழே. இந்த ஒரு சோதனை நடைபெறுமுன் கியர்ப்பெட்டியை இறக்க எவரும் உடன்படலாகாது. கேபிள் மாற்றுவது சிறுவேலை. கியர்ப்பெட்டி இறக்குவது ஒரு நாள் வேலை. கேபிளில் ஓரிரு இழைகள் அறுந்திருக்கக் கண்டால், எண்ணெய் விட்டுச் சமாளிக்க முயலாமல் மாற்றிவிடுவதே தக்கது. உட்புறம் பிளாஸ்ரிக் பூச்சுள்ள புதிய கேபிள்களுக்கு எண்ணெய் விடுவதாற் பயனுமில்லை.

குற்றம் கீழே எனத் தெரிந்தாலும் அவசரப்பட வேண்டியதில்லை. நெம்பு சுழலும் அச்சின் புஷ் காய்ந்திருக்கலாம். பெயாரிங் முன்பின் ஓடும் குழாய் சுரண்டுப்பட்டிருக்கலாம். அல்லது முன்னர் விளக்கியபடி தட்டுத் தேய்ந்து வில் நிமிர்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் கேட்டால் பெயாரிங். மேட்டில் உயர் கியரில் அமத்தும்போது இயந்திரத்தின் சத்தம் ஏற, வேகம் ஏறாவிட்டால் தட்டு. சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குச் செல்லும் மொன்ரே பெல்லெக்ரீனோ மலைப்பாதை இதற்கு நல்ல பரீட்சைக் களம். எம்மவர் சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடின்றி அங்கு நடந்தே ஏறுவது வழக்கமெனினும், நடக்க இயலாத முதியோரைக் காரில் ஏற்றிச் செல்வோர் அவ்வளைவுகளில் தமது கிளச்சின் நிலையை அறிந்துகொள்வர்.

கேபிளுக்குப் பதிலாக ஒயிலால் இயங்கும் கிளச்சும் உண்டு. 1959இல் வந்த மினி காரில் இருந்தது அதுவே. பிற்காலக் கார்களிற் பலவும் இவ்வகையின. இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மிதி இறுகியதும் ஒயில் குறைந்துவிட்டதென எண்ணிப் பலர் ஊற்றுகின்றனர். ஒயில் ஒழுகினாலோ காற்றுப் புகுந்தாலோ மிதி இறுகாது. தொய்ந்து தரையிற் போய்ப் படியும். இறுகுமாயின், இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அல்லது பிறேக் ஒயிலுக்குப் பதில் இயந்திர ஒயிலை யாரோ ஊற்றி, சிலிண்டரின் இறப்பர் வளையங்கள் ஊதியிருக்கலாம். மிதியிலிருந்து காலை எடுத்தபின் அது மந்தமாகத் திரும்பி வருவதே இதன் அடையாளம். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலின் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுதல் நன்று.

திருத்தகத்திற் பேசும் மொழி பலருக்கு இடர்ப்பாடு. இத்தாலிய மொழியிற் கிளச்சுக்கு 'பிரிட்சியோனே' என்று பெயர். உராய்வு என்பதே அச்சொல்லின் பொருள். மிதி 'பெதாலே', இறுக்கம் 'தூரோ', கேபிள் 'காவோ'. 'இல் பெதாலே தெல்லா பிரிட்சியோனே ஏ தூரோ' என்றால் கிளச் மிதி இறுகியுள்ளது என்பதாம். எப்போதிருந்து, மெல்லவா திடீரெனவா, மிதி திரும்பி வருகிறதா என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் தேவையற்ற வேலையைத் தலையிற் கட்டுவது கடினம். கழற்றிய பழைய உறுப்பைக் காட்டும்படி கேட்பதில் நாணமும் வேண்டியதில்லை.

தாமே கழற்றிப் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். பாரந்தூக்கியின் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் புகாதீர்கள். உறுதியான தாங்குகட்டைகளை வையுங்கள். பழைய கிளச்சினுள் இருக்கும் கரிய தூளை வாயாலோ காற்றழுத்தக் குழாயாலோ ஊதவும் வேண்டாம். இத்தாலி அஸ்பெஸ்ரசை 1992ஆம் ஆண்டின் 257ஆம் இலக்கச் சட்டத்தாற் தடைசெய்தது. அதற்கு முன் செய்யப்பட்ட கார் ஒன்றின் தட்டு இன்றுவரை மாற்றப்படாதிருந்தால், அத்தூளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அகற்றிவிடுங்கள்.